கீழே விழுந்த அரிசிக்கு ஒரு சொல்

ரோசம்மாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரில் நிற்பவரை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். ஆற்றங்கரைக் கிடங்குகளில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். "டேய்" என்று கூப்பிடுகிறவரை பயமில்லை. "நீங்க" வந்துவிட்டால் லாரிக்காரன்கூட இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நிற்பான்.

1958ஆம் வருடம் ஜனவரி மாதத்தில் ஒரு காலை. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் குடியுரிமைக்குப் பெயர் பதிகிறார்கள். மேசைக்கு மேசை எழுத்து வேலை பார்க்கும் கிராணிகள் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் மேசையில் இருந்தவர் பெயர் மருதப்பன். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. காலையிலிருந்து எழுதி எழுதி முகம் கடுகடுவென்று இருந்தது.

"பேரு?"

"ரோசம்மா."

"புருஷன்?"

"இயேசுதாசன். தவறிட்டாரு."

"எங்க குடியிருக்கீங்க?"

"பஃபலோ ரோடு. மாட்டுக்காரர் வீட்டுக்கு மேல."

"என்ன வேலை?"

"ஆத்தங்கரையில மூணாம் நம்பர் கிடங்குல, கீழ விழுந்த அரிசியைக் கூட்டி அள்ளுறேன்."

மருதப்பன் நிமிர்ந்து பார்த்தார். "சம்பளம் யாரு குடுக்கிறா?"

"சம்பளம் கிடையாது. விழுந்த அரிசிதான்."

"சும்மா குடுக்கிறாங்களா?"

"யாரும் குடுக்கிறதில்லங்க. விழுது, நான் எடுத்துக்கிறேன்."

அவர் ஒரு நிமிடம் பேனாவைப் பல்லில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கட்டத்துக்குள் இங்கிலீஷில் ஒரே ஒரு சொல்லை எழுதினார். மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "இடது கைக் கட்டைவிரல். மேல சொன்னதெல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்றீங்க. இங்க உருட்டுங்க."

ரோசம்மா விரலை மையில் வைத்துவிட்டாள். பின்னால் வரிசையில் நின்ற உர்சுலா டீச்சர் அப்போதுதான் எட்டிப் பார்த்தாள். ரோசம்மாவின் கோயில்காரிதான் அவள், கான்வெண்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள்.

"அக்கா, கொஞ்சம் இருங்க. வேலைன்னு போட்ட இடத்துல பிச்சைக்காரின்னு எழுதியிருக்கார்."

ரோசம்மா கையைத் தூக்கினாள். கட்டைவிரலிலிருந்து ஒரு சொட்டு மை மேசையில் விழுந்தது.

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க?" என்றாள்.

"அம்மா, அது ஒரு பேச்சுக்கு. அந்தக் கட்டத்தை வெறுமனே விட முடியாது. ஏதாவது எழுதணும்."

"நீங்க ஏதாவது எழுதுறதுக்கு நான் சத்தியம் பண்ணணுமா?"

"சம்பளம் இல்ல, முதலாளி இல்ல, வித்து வாங்குற வியாபாரமும் இல்ல. ஊரான் அரிசியை எடுத்துச் சாப்பிடறீங்க. அதுக்கு வேற என்ன பேரு? நீங்களே சொல்லுங்களேன், எழுதறேன்."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. வேலை கையில் இருக்கிறது, ஒன்பது வருடமாக முதுகு ஒடியச் செய்கிறாள், அதற்கு இவன் கட்டத்தில் எழுதும்படியான பெயர் வாயில் வரவில்லை.

"என் வாழ்க்கையில ஒருத்தர்கிட்ட கை நீட்டினதில்ல. ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கிழங்கைத் தோலோட அவிச்சுத் தின்னோம், அப்பவும் நீட்டல. ஆண்டவர் பேரால பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். அதை அடிங்க."

"அடிக்க முடியாது. மாசக் கடைசியோட பதிவு முடிஞ்சுது. அப்புறம் ஊருக்குக் கப்பல் ஏத்துறான், அது இதுன்னு என்கிட்ட வந்து அழாதீங்க. அடுத்தது யாருலா?"

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "கைநாட்டை வச்சுட்டுப் போம்மா, வெயில் ஏறுது" என்றான் ஒருவன். துணைக்கு வந்திருந்த பூவம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நான்காம் நம்பர் கிடங்கில் கூட்டுகிறவள் பூவம்மா. போன வாரமே பதிந்துவிட்டாள். அதே மேசை, அதே கிராணி.

"எனக்கும் அந்தக் கருமத்தைத்தான் எழுதியிருப்பான். எழுதிட்டுப் போறான்லா! நானா அதை வாசிக்கப் போறேன்? ராணி மகள்னு எழுதியிருந்தா மட்டும் அரிசி தானா சாக்குல ஏறிக்குமா?"

ரோசம்மா சிரிக்கவில்லை. மைக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நல்ல சேலை, கோயிலுக்குக் கட்டுவது. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

அவள் கோபத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தக் கிடங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வருகிற அரிசி, கப்பலிலிருந்து படகில் இறங்கி ஆற்றுக்குள் வரும். கூலியாட்கள் சாக்கைக் கொக்கியால் குத்தித் தோளில் ஏற்றி, ஒற்றைப் பலகைமேல் நடந்து கிடங்குக்குள் கொண்டுபோவார்கள். கொக்கி குத்திய ஓட்டையிலிருந்து அரிசி ஒழுகும். பலகையில், படியில், தரையில், அடுக்கின் இடுக்கில் எல்லாம் சிந்திக் கிடக்கும். இயேசுதாசன் அப்படிச் சாக்குத் தூக்கியவன். 1949இல் மூன்றாம் நம்பர் கிடங்கில் அடுக்கு சரிந்து அவன்மேல் விழுந்தது. பதினாலு சாக்கு. எடுத்துப் பார்த்தபோது மூச்சில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் கூலியாட்களின் மேஸ்திரியான மண்டோர் முகம்மது யூசுப் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அத்தனை கூலியாட்களும் நிற்கையில் அவள் கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்தார். "தங்கச்சி, இது நான் குடுக்கிற பிச்சை இல்ல. எங்க அத்தா மண்டோரா இருந்த காலத்துலேருந்து இதுதான் வழக்கம். எந்தக் கிடங்குல ஆள் செத்தானோ அந்தக் கிடங்குத் தரை அவன் வீட்டுக்கு. தவுக்கேயே வந்தாலும் இதுல பேச முடியாது."

தவுக்கே என்பது முதலாளி. அவரும் பேசவில்லை. தரை சுத்தமானால் எலி வராது, அவருக்கும் லாபந்தான்.

அந்த வழக்கத்துக்குச் சட்டம் எழுதி வைக்கவில்லையே தவிர, சட்டம் இருந்தது. கடைசி லாரி போய்க் கதவில் ஒரு பாதியை மூடிய பிறகுதான் பெண்கள் உள்ளே போகலாம். சாக்கைத் தொடக்கூடாது. சாக்கின்மேல் கிடப்பது முதலாளிக்கு, தரையில் கிடப்பது பெண்ணுக்கு. ஒரு கிடங்குப் பெண் அடுத்த கிடங்கில் விளக்குமாறு வைக்கக்கூடாது. கூட்டிய அரிசியில் மண் இருக்கும், சணல் இருக்கும், எலிப்புழுக்கை இருக்கும். அதை முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்து, மூன்று தண்ணீர் கழுவிக் காய வைத்தால்தான் சோறு. நொய்யைக் கோழி வளர்க்கிறவர்களுக்குக் கொடுத்து எண்ணெய், மீன் வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு தடவை நான்காம் நம்பர் கிடங்கு வாசலில் கொக்கிக்காரன் ஒருவன், பூவம்மாவைப் பார்த்துச் சிரிப்பதற்காக, வேண்டுமென்றே ஒரு சாக்கைக் கிழித்துவிட்டான். அரிசி கொடகொடவென்று கொட்டியது. பூவம்மா கூட்டப் போனாள். ரோசம்மா குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"அதைத் தொடாதே. விழுந்தது நமக்கு. விழ வச்சது நமக்கில்ல." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க இங்க வாங்க. ஊசி எடுங்க. சாக்கைத் தைங்க. உங்க கையாலயே அள்ளி உள்ள போடுங்க."

அவன் போட்டான். அவள் பக்கத்தில் நின்று கடைசி அரிசிமணி வரைக்கும் பார்த்தாள்.

இப்படி நடந்துகொண்டவளைத்தான் ஒரு கிராணி பேனா ஓட்டத்தில் பிச்சைக்காரி ஆக்கிவிட்டான்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டும்போது விளக்குமாறு தரையைக் கீறியது. செபமாலை சொல்ல உட்கார்ந்தால் மூன்றாம் மணியிலேயே மருதப்பனின் வெள்ளைச் சட்டை கண்ணுக்குள் வந்து நின்றது. "அருள் நிறைந்த" என்று தொடங்கிய வாய் "அடப் பாவி" என்று முடிந்தது. அந்தப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டுமே என்று ஓஃபிர் ரோடு கோயிலுக்குப் போனாள்.

அங்கே ஒரு பிரெஞ்சுச் சாமியார் அப்போது தங்கியிருந்தார். பாண்டிச்சேரிப் பக்கம் பல வருடம் இருந்தவர். தமிழை ஏட்டிலிருந்து எடுத்து வைத்ததுபோல் பேசுவார். அவள் கோபத்தை முழுதும் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"மகளே, தாழ்ச்சி பெரிய புண்ணியம். ஆண்டவருக்கு முன் நாம் எல்லோரும் பிச்சைக்காரரே அல்லவா?"

"ஆண்டவர் முன்னால சரி சாமி. அந்தக் கிராணி முன்னால இல்ல."

சாமியார் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். பிறகு, "நீ செய்யும் வேலையை முதலிலிருந்து சொல்" என்றார்.

அவள் சொன்னாள். கடைசி லாரி, பாதிக் கதவு, சாக்கைத் தொடாதது, தரை யாருக்கு என்பது எல்லாம். சொல்லச் சொல்லச் சாமியார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"இதை என் தாய் செய்தாள்!" என்றார்.

"உங்க அம்மாவா? அரிசியா?"

"கோதுமை. எங்கள் ஊரில் அறுவடை ஆனதும் கட்டுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள். கடைசிக் கட்டு போகும்வரை ஒருவரும் வயலில் கால் வைக்கக்கூடாது. பிறகு கோயில் மணி அடிக்கும். மணி அடித்தால் விதவைகள், ஏழைகள், பிள்ளைகள் இறங்குவார்கள். பொழுது சாயும்வரை, கையால் மட்டும், சிந்திய கதிரைப் பொறுக்கலாம். வயல்காரன் தடுத்தால் தப்பு அவன்மேல். பழைய ராஜாக்களே அப்படிச் சட்டம் போட்டார்கள். அதற்கும் முன்னால் யூதருக்கு ஆண்டவரே கட்டளை கொடுத்தார். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தியதை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்று."

"உரியதுன்னா சொன்னாரு?"

"உரியது. தயவு அல்ல."

ரோசம்மா அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் விடவில்லை. "அதுக்கு இங்கிலீசுல பேர் இருக்கா சாமி? கட்டத்துல எழுதற மாதிரி?"

சாமியார் ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். பிரெஞ்சில் அதைக் 'கிளானே' என்பார்கள் என்றார். இங்கிலீஷ்காரர்கள் பழங்காலத்தில் அந்தச் சொல்லைத் தங்கள் பாஷைக்குக் கொண்டுபோய் வாய்க்குத் தகுந்தபடி சுருக்கிக்கொண்டார்கள். 'கிளீன்' என்று காதில் விழும், ஆனால் ஜி எழுத்தில் தொடங்கும் சொல் அது. சுத்தம் செய்வதற்குச் சொல்கிற சொல் வேறு, அதோடு இதற்கு உறவில்லை என்று அழுத்திச் சொன்னார்.

"இது உரோமையர் எங்கள் நாட்டுக்கு வருமுன்பே அங்கிருந்த குடியானவர் பேச்சு என்கிறார்கள். நிச்சயமாக ஒருவருக்கும் தெரியாது. அந்த ஜனங்களின் மற்றப் பேச்செல்லாம் ஏறக்குறைய அழிந்துவிட்டது. இந்தச் சொல் தரையில் கிடந்தபடியே பிழைத்துக்கொண்டது."

"இப்பவும் சொல்றாங்களா?"

"சொல்கிறார்கள், ஆனால் கதிருக்கு அல்ல. இங்கே ஒரு சேதி, அங்கே ஒரு சேதி என்று கொஞ்சங் கொஞ்சமாகத் தெரிந்துகொள்வதற்கு இந்தச் சொல்லை வைத்துக்கொண்டார்கள். படித்தவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்."

"அது எங்க சொத்து சாமி" என்றாள் ரோசம்மா. "திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

சீட்டில் அந்தத் தொழிலைச் செய்கிறவளுக்கு உரிய பெயரை எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பாவசங்கீர்த்தனம் மறந்தே போயிற்று.

மறுநாள் காலை மண்டபம் திறக்கும்போதே அவள் முதல் ஆளாக நின்றாள். பூவம்மாவும் கூட வந்தாள். சண்டை பார்க்கத்தான் வந்தேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மருதப்பன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன? இப்படி ஒரு வேலையே கிடையாது. சாமியாருக்கென்ன, எதையாவது எழுதிக் குடுப்பார்."

"இருக்கு. உங்களுக்குத் தெரியலன்னு சொல்லுங்க."

"எனக்கா தெரியாது? நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ்! இது பேப்பர்ல சேதிக்குப் போடற சொல்லு. மனுஷனுக்குப் போடறதில்ல. வேணும்னா வீட்டுப் பெண்மணின்னு எழுதறேன். கௌரவமா இருக்கும். திருப்தியா?"

"வீட்டுல யாரு இருக்கா எனக்கு, சோறாக்கிப் போட? நீங்க ஒரு பொய்யை எடுத்துட்டு இன்னொரு பொய்யை வைக்கிறீங்க."

"அப்ப கூலின்னு போடறேன்."

"கூலி யாரு குடுத்தா?"

"அம்மா, உங்களோட பெரிய ரோதனையா இருக்கு! பிச்சைக்காரிக்கு இவ்வளவு வாயா?"

ரோசம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். மேசையைச் சுற்றிக்கொண்டு, நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் நேராகப் போனாள். அவர் சீனர், கண்ணாடி போட்டவர், தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மருதப்பன் பின்னாலேயே ஓடிவந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"நீங்க நில்லுங்க. உங்க வாயால கெட்டதுதான் இவ்வளவும்" என்றாள் ரோசம்மா. பிறகு அந்த அதிகாரியிடம், ஆற்றங்கரையில் எல்லாரும் பேசுகிற சந்தை மலாயில், உரக்கச் சொன்னாள்: "மிந்தா புக்கான், துவான். பூங்குட்!"

கேட்டு வாங்குவதில்லை ஐயா, கீழே கிடப்பதைப் பொறுக்குவது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பொறுக்குவதுபோல் கையாலும் செய்து காட்டினாள். கிடங்கு, சாக்கு, தரை, மண்டோர் கொடுத்த விளக்குமாறு, செத்துப்போன புருஷன் எல்லாவற்றையும் அதே மலாயில் சொல்லி முடித்தாள். சொல்லும்போது குரல் நடுங்கியது. அழுகை என்று நினைத்தவர்கள் தப்பாக நினைத்தார்கள்.

அதிகாரி தேநீரைக் கீழே வைத்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு தடித்த அகராதியை எடுத்து விரலால் தேடினார். கண்டதும் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்து, அவளிடம் மலாயிலேயே சொன்னார். அறிக்கை எழுதும்போதெல்லாம் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன், இதற்குள் தானியம் இருப்பது இன்றுதான் தெரியும் என்று. மருதப்பனிடம் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். மருதப்பனின் காது சிவந்தது.

மருதப்பன் மேசைக்குத் திரும்பி வந்து, கைநாட்டு விழாமல் கிடந்த அவள் காகிதத்தை எடுத்துப் பழைய சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"இன்னும் நல்லா அடிங்க. படிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் ரோசம்மா.

இன்னும் இரண்டு கோடு இழுத்தார். பக்கத்தில் புதுச் சொல்லை எழுதினார். மைப்பெட்டியைத் தள்ளினார். "எழுதியாச்சு. போதுமா?"

"போதாது. அன்னைக்கு எழுதினதை நீங்களா எனக்குச் சொன்னீங்க? பின்னால நின்ன டீச்சர் சொல்லித்தான் தெரிஞ்சுது. இன்னைக்கு எழுதினதை நீங்க படிச்சுச் சொல்லுங்க, தமிழ்ல. சத்தமா. அந்தப் பெரிய புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ, சாமி என்ன சொன்னாரோ, அதெல்லாம் சேர்த்து."

"வரிசை நிக்குதும்மா."

"நிக்கட்டும். அன்னைக்கும் நின்னுச்சு."

அதிகாரி அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மருதப்பன் தொண்டையைச் செருமினார். வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். "அறுவடைக்காரர் விட்டுட்டுப் போன தானியத்தைப் பொறுக்கிச் சேர்க்கிறவள்."

"பாதியில நிறுத்தாதீங்க."

"என்ன பாதி?"

"உரிமையோட."

"புஸ்தகத்துல உரிமைன்னு இல்ல."

"சாமி சொன்னாரு. முகம்மது யூசுப் மண்டோர் சொன்னாரு. என் புருஷன் மேல விழுந்த பதினாலு சாக்கு சொல்லுது. நீங்க சொன்னா வாய் வலிக்குமா?"

மருதப்பன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உரிமையோட பொறுக்கிச் சேர்க்கிறவள்."

வரிசையில் நின்ற ஒரு கிழவர் "ம்" என்றார். ரோசம்மா மேசைக்கு எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள். விரலை மையில் முக்கி, காகிதத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அழுத்தி உருட்டினாள். மேசை ஆடியது. சத்திய வாசகத்தை மருதப்பன் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். பிறகு எழுந்தாள்.

"வா பூவம்மா, படகு வந்திருக்கும்."

பூவம்மா வரவில்லை. கதவோரம் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் முகத்தில் சிரிப்பைக் காணோம். அவள் புருஷனும் நான்காம் நம்பர் கிடங்கில் பலகை வழுக்கி ஆற்றில் விழுந்து போனவன்தான். அவளும் எட்டு வருடமாக அந்தத் தரையைக் கூட்டுகிறாள். நேராக நடந்து வந்தாள். ரோசம்மா எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத்தான் முடிஞ்சுதே, போன வாரமே" என்றார் மருதப்பன்.

"என்ன எழுதியிருக்கீங்க எனக்கு?"

"அந்தக் காகிதமெல்லாம் கட்டி அனுப்பியாச்சும்மா. இங்க இல்ல."

"நான் அதைக் கேக்கல. என்ன எழுதுனீங்க?"

அவர் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"இத்தனை பேர் முன்னாலயும் அவளைச் சொன்னீங்கல்ல, உரிமையோடன்னு? என்னை என்னன்னு எழுதி அனுப்பினீங்க? அதையும் சத்தமாச் சொல்லுங்க."

"அடுத்தது யாருலா?" என்றார் மருதப்பன், அவளுக்கு மேலே பார்த்து.

வரிசையிலிருந்து ஒருவரும் முன்னால் வரவில்லை. பூவம்மா கையிலிருந்த பையை மேசைமேல் வைத்தாள். அதற்குள் முறமும் சல்லடையும் இருந்தன. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போன இடத்துலேருந்து வரவழைங்க. நான் இருக்கேன்."

ரோசம்மா வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அவள் பின்னால் நின்றுகொண்டாள்.